தமிழ் கிரிப்டிக் குறுக்கெழுத்துக்கு ஷீட்ஸ், டெலிகிராம், பேரகராதி: மலையகக் குழுக்களுக்கான ஒரு மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருவர், பதுளையில் ஒருவர், கொழும்பில் வேலை பார்க்கும் இருவர், கண்டியில் படிக்கும் ஒருவர். இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆறேழு பேர் ஒரே கட்டத்தை ஒன்றாக நிரப்ப வேண்டுமென்றால் மூன்று பொருட்கள் வேண்டும். எல்லோரும் எழுதக்கூடிய கட்டம், விடையைப் போட்டு உடைக்காமல் பேச ஓர் இடம், சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல ஓர் அகராதி. காசில்லாமல் கிடைப்பவற்றில் கூகுள் ஷீட்ஸ், டெலிகிராம், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி மூன்றையும் இங்கே எடைபோடுகிறோம். முன்கூட்டியே ஒன்று: இவை மூன்றும் தமிழ்க் குறுக்கெழுத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எங்கே இடிக்கிறது, எப்படிச் சமாளிப்பது என்பதே இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி.

வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்து மட்டும் பழகியவர்களுக்கு ஒரு வரி விளக்கம். அங்கே குறிப்பு என்பது வெறும் பொருள். கிரிப்டிக்கில் ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாதைகள் இருக்கும். ஒன்று நேர்ப்பொருள், அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நிற்கும். மற்றது எழுத்து விளையாட்டு. இரண்டும் ஒரே விடையில் வந்து சேர வேண்டும்.

பசு வெளியேறிய கோயில், தோட்டத்து வீட்டு வரிசை (3)

கோயில் என்றால் ஆலயம். பசு என்றால் ஆ. ஆலயத்திலிருந்து ஆ போனால் மிஞ்சுவது லயம். நேர்ப்பொருள் கடைசியில் நிற்கிறது. அடைப்புக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. முதல் சிக்கலும் அந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

ஷீட்ஸ்: கட்டம் சரி, எண்ணிக்கை தப்பு

நமக்கு 'கொழுந்து' நான்கெழுத்து: கொ, ழு, ந், து. ஷீட்ஸில் எழுத்தை எண்ணும் லென் (LEN) கணிப்பில் போட்டால் 8 என்று வரும். உயிர்மெய்யின் துணையெழுத்தையும் மெய்யின் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. 'சிவனொளிபாதமலை' நமக்கு 8, அதற்கு 13. தீர்வு எளிது. குறித்த எழுத்துகளைத் தேடி மாற்றும் ரெஜெக்ஸ்ரிப்ளேஸ் (REGEXREPLACE) கணிப்பைக் கொண்டு துணைக்கால் முதல் புள்ளி வரையுள்ள எல்லாக் குறிகளையும் நீக்கிவிட்டு, மிஞ்சியதை லென்னால் எண்ணச் சொல்லுங்கள். கணினி எழுத்துக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யுனிகோடில் இந்தக் குறிகள் வரிசையாக அடுத்தடுத்து இருப்பதால் ஒரே வீச்சாகக் கொடுத்துவிடலாம். 'கொழுந்து' அப்போது க, ழ, ந, த என்று சுருங்கி 4 ஆகும். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கு மட்டும் இது பொய் சொல்லும், ஒன்றை இரண்டென எண்ணும். அவை வந்தால் கையால் எண்ணுவதே வழி.

இதே கணிப்பை, நிபந்தனைப்படி பெட்டியின் நிறத்தை மாற்றும் கண்டிஷனல் ஃபோர்மட்டிங்கிலும் போட்டு, ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேல் எழுத்து விழுந்தால் சிவப்பாகும்படி செய்யுங்கள். குழுவில் அடிக்கடி நடக்கும் பிழை 'ட்ட' வை ஒரே பெட்டிக்குள் எழுதுவதுதான். அதன்பின் வரும் எழுத்தெல்லாம் ஒரு பெட்டி முன்னால் நகர்ந்து, குறுக்கே வரும் நல்ல விடையும் தப்பென்று தோன்றும். அரை மணி நேரம் விவாதம் ஓடிய பிறகு பார்த்தால் பிழை ஒரு புள்ளியில் இருக்கும்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பொறி உண்டு. 'கொ' வை இரண்டு விதமாகத் தட்டலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஷீட்ஸுக்கு அவை வேறு வேறு. 'கௌ' வுக்குப் பதில் 'கெ' யும் 'ள' வும் தட்டுவதும் இதே கதை. விடையைத் தானாகச் சரிபார்க்கக் கணிப்பு வைத்தால், சரியான விடை எழுதியவருக்குத் தப்பு என்று வரும். ஆகவே தானியங்கிச் சரிபார்ப்பே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விடைத்தாளை அதே கோப்பில் மறைத்து வைத்தால், திருத்தும் உரிமை உள்ள எவரும் அந்தத் தாளைத் திறந்து பார்த்துவிடலாம். விடை வேறு கோப்பில் இருக்கட்டும், முடிவு நாளில் இணைப்பைக் கொடுத்தால் போதும்.

பாமினியில் பழகிய கைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அச்சகங்களிலும் பாடசாலைக் கணினிகளிலும் பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்புகளை அப்படியே ஒட்டினால் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் யுனிகோடாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் படிப்பது நல்லது.

கட்டம் அமைப்பதற்குக் கணினி தேவை. நிரலின் அகலம், நிரையின் உயரம் இரண்டையும் 44 பிக்சல் என்று வைத்தால் சதுரம் கிடைக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, அளவு 14, நடுவில். இதைவிடச் சிறிய பெட்டியில் 'ணொ', 'னை' போன்ற அகல எழுத்துகள் பக்கத்துப் பெட்டிமேல் ஏறிவிடும். கறுப்புக் கட்டங்களைப் பூட்டி வையுங்கள், அந்த வசதியும் கணினியில்தான் உண்டு. பூட்டாவிட்டால் யாராவது பேருந்தில் குலுங்கிக்கொண்டே கறுப்பில் எழுதிவிடுவார்கள்.

பெட்டியின் மூலையில் சின்ன எண் போட ஷீட்ஸில் நேரான வழி இல்லை. ஒவ்வொரு நிரையையும் இரண்டாகப் பிரித்து, மேலே 12 பிக்சல் உயரத்தில் எண்ணும் கீழே எழுத்தும் வைக்கலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கைபேசியில் ஓர் எழுத்துத் தட்டி என்டர் அழுத்தினால் அடுத்த எண் பெட்டிக்குள் போய் விழும். எண்ணிட்ட கட்டத்தைப் படமாகத் தனியே அனுப்பிவிட்டு, ஷீட்ஸில் வெறும் சதுரங்களை மட்டும் வைப்பதே தொல்லை குறைந்த வழி. இடமிருந்து வலம் எழுதும்போது ஒவ்வொரு பெட்டியாகத் தொட வேண்டியிருப்பதும் எரிச்சல்தான், அதற்கு மாற்று எங்களிடம் இல்லை.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் பலர் எழுதலாம், யார் எந்தப் பெட்டியில் நிற்கிறார் என்பது நிறத்தில் தெரியும். யார் எதை மாற்றினார் என்று பின்னோக்கிப் பார்க்கலாம். சிக்னல் அறுந்துபோகும் பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு முக்கியமானது, கைபேசிச் செயலியில் கோப்பை ஒஃப்லைனுக்கு என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். அப்படிச் செய்தால் கொட்டகலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தாலும் எழுதிக்கொண்டிருக்கலாம், வெளியே வந்ததும் சேர்ந்துகொள்ளும். அதே பெட்டியில் வேறொருவரும் எழுதியிருந்தால் ஒருவருடையது அழியும். ஆகவே ஒஃப்லைனில் இருப்பவர் எந்த எண்ணில் கைவைக்கிறார் என்று முன்பே சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

கட்டம் போடுபவருக்கு

ஆங்கில கிரிப்டிக்கின் வழக்கமான 15க்கு 15 கட்டத்தைத் தமிழுக்கு அப்படியே தூக்கி வராதீர்கள். அங்கே 26 எழுத்து, இங்கே 247. இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் வெட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைகிறது. 9க்கு 9 போதும். மூன்று முதல் ஆறெழுத்துச் சொற்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்தாவது வெட்டிக்கொண்டால் போதும். பாதி எழுத்துகள் வெட்ட வேண்டுமென்ற ஆங்கிலப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், கட்டம் முழுக்க யாரும் பேசாத சொற்களாக நிரம்பும்.

மெய்யெழுத்துதான் பெரிய தடை. தமிழ் மரபுப்படி எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. 'கங்காணி' யை மேல்நிரையில் வைத்தால் இரண்டாம் பெட்டியான 'ங்' கிலிருந்து கீழே ஒரு சொல்லும் இறங்க முடியாது, அந்தப் பெட்டி வெட்டாமலேயே இருக்க வேண்டும். அதே சொல்லை இரண்டாம் நிரைக்கு இறக்கினால் 'சங்கு' அதன் ஊடாக இறங்கும். மெய் வரும் பெட்டிக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சொல்லை வையுங்கள்.

ர, ல, ட போன்றவை மரபுப்படி சொல் முதலில் வராதவை. இங்கேதான் தோட்டத்துத் தமிழ் கைகொடுக்கிறது. 'தலவாக்கலை' யின் இரண்டாம் எழுத்து ல. அதிலிருந்து 'லயம்' நேராக இறங்கும். ரயில், ரோட்டு, டீ, றப்பர் எல்லாம் இப்படி உதவும். இலக்கணக்காரர் முகம் சுளிக்கும் கடன்சொற்கள்தான் கட்டம் போடுபவரின் உயிர்நாடி. 'கொழுந்து', 'கொட்டகலை' இரண்டும் 'கொ' வில் தொடங்குவதும், 'கவ்வாத்து', 'கொழுந்து' இரண்டும் 'து' வில் முடிவதும் பொன்னான வெட்டுமிடங்கள்.

டெலிகிராமா வாட்ஸ்அப்பா

தொழில்நுட்பத்தில் கேள்வியே இல்லை, டெலிகிராம்தான். எழுதிய விடையைத் தேர்ந்து ஸ்பொய்லர் என்று குறித்தால் அது புள்ளிமூட்டமாகிவிடும், தொட்டால்தான் தெரியும். கிரிப்டிக் பேசும் குழுவுக்கு இதைவிட அவசியமான வசதி வேறில்லை. விடையைப் பார்க்காமல் விளக்கத்தை மட்டும் படிக்க விரும்புபவர் படிக்கலாம். குறிப்பு வாரியாகத் தலைப்புகளைப் பிரித்து வைக்கலாம். வினாடிவினா வடிவில் வாக்கெடுப்புப் போட்டால், விடையோடு 200 எழுத்துக்குள் ஒரு விளக்கமும் சேர்க்கலாம். ஆனால் அந்த 200 க்கும் இதே பிரச்சினைதான், துணையெழுத்துகளும் கணக்கில் வருவதால் தமிழில் இரண்டு மூன்று வரிக்குள் தீர்ந்துவிடும்.

நடைமுறையில் எல்லோர் கையிலும் இருப்பது வாட்ஸ்அப். மாதப் பக்கேஜும் அதற்குத்தான் போடப்பட்டிருக்கும். இரண்டாவது செயலியை இறக்கச் சொன்னால் ஆறில் மூன்று பேர் நாளைக்கு என்பார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்பொய்லர் இல்லை. அதைச் சமாளிக்க ஒரு நல்ல வழி குரல் பதிவு: எழுத்தில் குறிப்பின் எண்ணை மட்டும் போட்டு, விடையையும் விளக்கத்தையும் குரலில் சொல்லுங்கள். கேட்க விரும்புபவர் மட்டும் அழுத்துவார். குறை என்னவென்றால் மூன்று மாதம் கழித்துத் தேடினால் எதுவும் அகப்படாது. புதிய குழு என்றால் வாட்ஸ்அப்பில் தொடங்கி, பத்துக் கட்டம் தாண்டியும் ஆட்கள் நின்றால் டெலிகிராமுக்குப் போங்கள்.

எதைப் பயன்படுத்தினாலும் துப்புக் கொடுப்பதற்கு ஒரு படிவரிசை வேண்டும். முதலில் குறிப்பின் வகையை மட்டும் சொல்லுங்கள்: நீக்கலா, சேர்க்கையா, கலைத்துப் போட்டதா, ஒளிந்திருப்பதா. அடுத்து நேர்ப்பொருள் எந்தப் பக்கம் நிற்கிறதென்று சொல்லுங்கள். எழுத்தைக் கொடுப்பது கடைசியில். எடுத்த எடுப்பில் 'க' வில் தொடங்கும் என்று சொல்லிவிடும் அண்ணன்மார்தான் குழுவைக் கெடுப்பவர்கள்.

விவாதம் எதைப் பற்றி இருக்க வேண்டும் என்பதற்குச் சில மாதிரிகள் போட்டுப் பார்க்கலாம்.

கை போன கங்கையோடு நிலம் சேர, தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்தவர் (4)

கங்கையிலிருந்து கை போனால் கங். நிலம் என்றால் காணி. கங்காணி. இதில் குறை சொல்ல இடமில்லை, ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது.

மேளம் அடிக்க, ஆடலும் பாடலும்: ரயில் நிற்கும் இடம் (5)

கொட்ட, கலை, கொட்டகலை. இங்கே ஒருவர் நிச்சயம் கேட்பார்: ஆடலும் பாடலும் கலையின் உதாரணங்கள்தானே, கலையேயல்லவே? நியாயமான கேள்வி. உதாரணத்தைப் பொருளாகக் கொடுத்தால் 'போன்ற' என்று ஒரு சொல் சேர்ப்பது ஒழுங்கு.

அம்மா லைட்டுக்குள் பொழுது சாயும் (2)

ஒளிந்திருப்பது மாலை. இரண்டு சொற்களின் எல்லையைத் தாண்டி ஒளிந்திருப்பதால் இது நல்ல வகை. 'கண்டிருந்தால்' என்பதற்குள் 'கண்டி' யை வைப்பதும் ஒளித்தல்தான், ஆனால் சோம்பேறித்தனம். கண் அங்கேயே போய்விடும்.

குழம்பிய நகரம் பாவிகள் போகுமிடம் (4)

நகரம் கலைந்தால் நரகம். தமிழில் கலைத்துப் போடும் குறிப்புகள் அரிது, காரணம் அதே 247 எழுத்து. ஆகவே இப்படி ஒன்று அகப்பட்டால் பத்திரமாக வைத்திருந்து கட்டத்தின் நடுவில் போடுங்கள். புரட்டிப் படிப்பதும் எழுத்துக் கணக்கில்தான் செல்லும், விகடகவி போல. மேலிருந்து கீழ் வரும் சொல்லுக்கு மட்டும் பொருந்தும் ஒன்று:

சிவா ஏறிய படி (2)

ஏறினால் வாசி. படி என்றால் வாசி. இதையே இடமிருந்து வலத்தில் போட்டால் ஏறுவதற்கு இடமில்லை, குறிப்பு தப்பு.

பெரிய சண்டை புணர்ச்சியில் வரும்.

உரசு, தழை சேரும். மலை முழுக்க அதுதான் (3)

தேய் என்பதும் இலை என்பதும் சேர்ந்தால் தேயிலை. எழுத்தாக அடுக்கினால் தே, ய், இ, லை என்று நான்கு. புணர்ந்தால் மூன்று. புணர்ச்சியை அனுமதிப்பதா என்பதைக் குழு முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். எங்கள் கருத்து: உயிர் வந்து மெய்மேல் ஏறும் இயல்பான புணர்ச்சி போகட்டும், எழுத்துத் தோன்றுவது, திரிவது, கெடுவது எல்லாம் வேண்டாம். ஒரு குறிப்பில் அப்படி, அடுத்ததில் இப்படி என்றால் தீர்ப்பவருக்கு ஊகிக்க எதுவும் மிஞ்சாது.

நடுவர்: பேரகராதி

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939 இல் இணைப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் முழுவதும் இலவசம். தலைச்சொல்லில் மட்டுமல்ல, விளக்கத்துக்குள்ளும் தேடலாம். கட்டம் போடுபவருக்கு இது பெரிய வரம், ஒரு பொருளுக்குப் பல சொற்கள் வரிசையாக வந்து விழும். 'ஆ' என்றால் பசு, 'கா' என்றால் சோலை, 'மா' என்றால் குதிரை, யானை, மாமரம் என ஓரெழுத்துச் சொற்களைத் திரட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. யாழ்ப்பாண வழக்கைத் தனிக் குறியிட்டுக் காட்டுவது கூடுதல் பயன். செய்ய முடியாதது: முதலெழுத்து க, மூன்றாமெழுத்து கா, மொத்தம் நான்கு என்று எழுத்துக் கணக்கில் கட்டம் போட்டுத் தேடுவது. தீர்ப்பவர்கள் அதைத்தான் அதிகம் எதிர்பார்த்து வந்து ஏமாறுவார்கள்.

மலையகக் குழுவுக்கு இந்த நடுவர் பாதி நடுவர்தான். நூறாண்டுக்கு முந்தைய தொகுப்பில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), காம்பரா (லயத்து அறை), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போன்றவற்றைத் தோட்டத்துப் பொருளில் எதிர்பார்க்கக் கூடாது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992) பின்னர் விரிவான பதிப்புகளில் இலங்கை வழக்கைக் குறியிட்டுச் சேர்த்தது, அதைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. அப்படியும் இடைவெளி இருக்கும்.

முழுதாகக் கடிக்காமல் விட்ட பறவை, தேயிலைச் செடிக்கு முடிவெட்டு (5)

கவ்வு என்பது முழுதாகாமல் கவ், பறவை வாத்து, ஆக கவ்வாத்து. தோட்டத்தில் எவரும் இப்படித்தான் சொல்வார்கள். தமிழகத்து விவசாய எழுத்தில் அது கவாத்து, நான்கெழுத்து. அகராதிதான் நடுவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றால் இந்தக் குறிப்பே செல்லாது. குறிப்பில் தேயிலை என்ற சொல் இருக்கிறதே, அதுவே இது எந்த ஊர்ச் சொல் என்று காட்டிவிடுகிறது, ஆகவே செல்லும் என்பது எங்கள் தீர்ப்பு. இதே போல:

தோளில் கிடப்பது கையில் இருந்தால் வேறு தோட்டம் போகலாம் (3)

துண்டு. முன்பு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு விலகக் கொடுத்த சீட்டுக்கும் அதுவே பெயர் என்று தெரியாதவருக்குக் குறிப்பின் பாதி இருட்டு. வெளியூர் ஆட்கள் இருக்கும் குழுவில் இதைப் போட்டால், விடை வெளியிடும் நாளில் இரண்டு வரி விளக்கம் கட்டாயம்.

ஆகவே ஷீட்ஸ் கோப்பிலேயே இரண்டாம் தாளாக ஓர் ஒப்புக்கொண்ட சொற்பட்டியல் வையுங்கள். முதல் நிரலில் சொல், அடுத்ததில் எழுத்துக் கணக்கு, மூன்றாவதில் பொருள், நான்காவதில் ஏற்றுக்கொண்ட மாற்று எழுத்துமுறை. பெரட்டு என்றும் பிரட்டு என்றும் எழுதுகிறார்கள், எது கட்டத்துக்கு என்பதை அங்கே முடிவுசெய்துவிட வேண்டும். ஒரு சொல் அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் வைத்திருக்கும் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளம் இருக்கிறது. படங்களாக வருடப்பட்ட கோப்புகள் பெரியவை, வைஃபை கிடைக்கும்போது இறக்குங்கள்.

புள்ளி போட வேண்டுமென்றால்: ஷீட்ஸுக்கு 10க்கு 6, கைபேசியில் எழுதும் தொல்லைக்காக மட்டும் இவ்வளவு குறைவு. டெலிகிராமுக்கு 8. பேரகராதிக்குக் கட்டம் போடுபவர் கணக்கில் 9, தீர்ப்பவர் கணக்கில் 5. தென்மேல் பருவமழை மாதங்களில் மரம் விழுந்து மின்சாரம் போனால் மூன்றும் பூச்சியம்தான். அதற்கு வெள்ளிக்கிழமையே கட்டத்தையும் குறிப்புகளையும் ஒரே ஏ4 தாளில் அடங்கும்படி பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள். டவுனில் கொமியுனிகேஷன் கடையில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பிள்ளையின் சதுரக் கோட்டுக் கொப்பியில் இரண்டு சதுரத்துக்கு இரண்டு சதுரம் ஒரு பெட்டியாக வரைந்துகொள்ளலாம். ஒற்றைச் சதுரத்தில் 'ணொ' அடங்காது.